சோதனைக்கு வந்த பெட்டி

கல்லூரிக்கு ஒரு காவல்காரன் தேவைப்பட்டான். கம்பு பிடிக்கிற காவல்காரன் அல்ல. இணையம் வழியாக நுழைகிற திருடனைத் தடுக்கிற ஃபயர்வால் பெட்டி. தேர்வுத் தாள் ஒருமுறை வெளியே கசிந்து, கல்லூரியின் மானம் கப்பலேறிய பிறகுதான் முதல்வருக்கு இந்த ஞானோதயம் வந்தது. இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு பெட்டியைச் சோதனைக்குக் கொடுத்தன. எதை வாங்குவது என்று சொல்லவேண்டியவன் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர்; கடல் கடந்து போய்விட்ட அண்ணன் பெரியவன்.

பெரியவன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. அவள் பிடித்தால் குரங்குப் பிடி. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், தேறுவது கஷ்டம் என்று தெரிந்தபின்தான் அது தளர்ந்தது. "கூப்பிடச் சொல்லுடா. பேசறேன்" என்றாள். அவர்கள் இருந்தது கல்லூரி வளாகத்திலேயே ஊழியர் குடியிருப்பில். செல்போன் சிக்னல் எட்டாத வீடு; எல்லாவற்றுக்கும் கல்லூரி வைஃபைதான் கதி.

சின்னவன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினான். அன்று மதியம்தான் முதல்வர் முன்னால் இரண்டாவது பெட்டியை இயக்கிக் காட்ட வேண்டும். அதுவரை இரண்டு பெட்டிகளும் சந்தேகப்பட்டதைக் குறித்துவைத்ததோடு சரி, எதையும் தடுக்கவில்லை. முதல் பெட்டி இருக்குமிடம் தெரியாமல் வேலை பார்த்தது. முதல்வருக்கு அது ரசிக்கவில்லை.

"அது என்னப்பா, வாயில்லாப் பூச்சி மாதிரி? இதையாவது தடுத்துக் காட்டச் சொல்லு."

தடுக்க விடுமுன் யார் மேல் கைவைக்கக் கூடாது என்று பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும். தேர்வு அலுவலகம், நூலகம் எல்லாம் சொல்லியிருந்தான். குடியிருப்பை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். கூட்டத்துக்காகத் தன் போனை அணைத்துவிட்டு, பெட்டியைத் தடுக்கும் நிலைக்கு மாற்றினான்.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

பெட்டியோடு வந்திருந்த கம்பெனி விற்பனையாளருக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்க சார்! தெரியாத வெளிநாட்டு முகவரி. உள்ளேயிருந்து நிறைய டேட்டா போயிட்டிருந்தது, வெட்டி விட்டுடுச்சு. அப்பவும் அவன் விடலை பாருங்க, மறுபடி மறுபடி கதவைத் தட்டறான்!"

"தட்டட்டும், தட்டட்டும். கை வலிச்சா தானா போயிடுவான்" என்றான் சின்னவன். எல்லோரும் சிரித்தார்கள். வெகுநேரம் கழித்து வரிகள் நின்றன. கூட்டம் முடிந்ததும் பெட்டியைப் பழையபடி வெறுமனே குறித்துவைக்கும் நிலைக்கு மாற்றினான்.

சாயங்காலம் வீட்டில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் பேசினானாம்மா?"

"பேசினான். அம்மா மேலதான்டா தப்பு, வந்துடுன்னேன். படக்குன்னு வெச்சுட்டான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"நீ திரும்பக் கூப்பிட வேண்டியதுதானே?"

"வெச்சவனை நான் எதுக்குக் கூப்பிடணும்?"

நோயாளி, களைத்துத் தூங்கியிருப்பான், காலையில் சமாதானம் பண்ணிவிடலாம் என்று சின்னவன் நினைத்தான். விடியுமுன் அண்ணி அழைத்தாள். பெரியவன் போய்விட்டான்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "என் மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டுப் போயிட்டான்" என்பதையே சொல்லிக்கொண்டு, சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக் கிடந்தாள்.

விடுப்பு முடிந்து சின்னவன் அறிக்கை எழுத உட்கார்ந்தான். பெட்டி தடுத்த ஒவ்வொருவனும் நிஜத் திருடனா, அப்பாவியா என்று பார்த்தால்தான் எது நல்ல பெட்டி என்று சொல்ல முடியும். அந்தச் சிவப்பு வரிகளுக்கு வந்தான். உள்ளே இருந்த கருவி எது என்று தேடினான். குடியிருப்பு. அவன் வீடு. அம்மாவின் போன். வெளி முகவரி, அண்ணன் கூப்பிடும் செயலியுடையது. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அதுவும் அவன் கையால் போட்ட வேலி. மேசையில் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டே அழுதான்.

பெட்டி மேல் தப்பில்லை, குடியிருப்பைச் சேர்க்காமல் விட்டது தான்தான் என்றே அறிக்கையில் எழுதினான். முதல்வர் புரட்டிப் பார்த்தார்.

"தப்பா தடுத்தது ஒரே ஒரு கேஸ்தானே? பரவாயில்லையே! இதையே வாங்கிடுவோம்."

வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, அண்ணன் வெக்கலம்மா. லைனை வெட்டினது காலேஜ்ல வெச்ச பெட்டி. நான் வெச்ச பெட்டி."

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "அவன் வெக்கலயா?"

"இல்லம்மா. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அதையும் அது தடுத்துடுச்சு."

"கூப்பிட்டானா? விடாமக் கூப்பிட்டானா?"

"விடாமக் கூப்பிட்டான்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. "என் புள்ள வெக்கல. பாத்தியா, என் புள்ள வெக்கல" என்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினாள்.

"அவன் கூப்பிட்டது உனக்கு எப்படிடா தெரியும்?"

"திரையில தெரிஞ்சுதும்மா. அப்பவே பாத்தேன்."

"பாத்துட்டு?"

சின்னவன் தலைகுனிந்தான்.

"சிரிச்சேம்மா."