இழுத்துக்கொண்ட கால்

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து அண்ணன் கிடந்த மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினாள்.

"பாரு. நீயே பாரு."

அண்ணனின் உள்ளங்காலில் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். பெருவிரல் மேலே நிமிர்ந்தது. முழங்கால் மடங்கி, கால் விருட்டென்று பின்வாங்கியது.

"செத்தவங்க காலை இழுத்துக்குவாங்களா? காலைல வந்து மூளை செத்துடுச்சுன்னு சொல்லிட்டுப் போறாரு அந்த டாக்டர். இன்னொரு தடவை பாத்துட்டு மூச்சு மெஷின நிறுத்திடுவாங்களாம். நான் விடமாட்டேன்."

அவள் மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். இதே கேள்விக்குப் போன தேர்வில் வரி பிசகாமல் பதில் எழுதியிருந்தாள்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். முந்தாநாள் வேலைக்குக் கிளம்பும்போது, "தலைல யாரோ சுத்தியலால அடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கதவோரம் சரிந்திருக்கிறான். மூளையின் அடியில் ரத்தக்குழாய் ஒன்று பலூன்போலப் புடைத்து வெடித்திருந்தது. மருத்துவமனைக்கு வந்தபோதே சுயநினைவு இல்லை.

பணியிலிருந்த டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அண்ணி கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நீங்க தொடாதீங்க. இவ பாக்கட்டும். இவ சொன்னா கேட்டுக்கறேன்."

"அண்ணி, நான் இன்னும் டாக்டர் இல்ல..."

"உங்க அண்ணன் ஊரெல்லாம் உன்னை டாக்டருன்னுதானே சொல்லிட்டுத் திரியறாரு?"

டாக்டர் சற்று யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினார். "நான் பக்கத்துலயே இருக்கேன்மா."

இமையைத் தூக்கி வெளிச்சம் அடித்தாள். கருமணி அகலமாகவே இருந்தது. மறு கண்ணிலும் அப்படியே. பஞ்சைத் திரித்து விழியின் மேல் தொட்டாள். இமை துடிக்கவில்லை. இன்னொரு தடவை தொட்டாள். தலையை இரு கைகளாலும் ஏந்தி இடமும் வலமுமாகத் திருப்பினாள். மூளைத்தண்டில் உயிர் இருந்தால் விழிகள் எதிர்ப்பக்கம் நகரும். இவை வரைந்து வைத்தவைபோலத் தலையோடு சேர்ந்தே திரும்பின. கடைசியாகப் புருவத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். வலிக்க வேண்டும் என்று அழுத்தினாள். விரலை எடுத்தபோது தோலில் நகத்தின் தடம் மட்டும் இருந்தது.

அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப காலைப் பாரு."

அவள் உள்ளங்காலைக் கீறினாள். கால் இழுத்துக்கொண்டது.

"பாத்தியா?"

"அண்ணி, அது முதுகுத்தண்டு பண்றது. தொட்டது அங்க வரைக்கும் போகும். அங்கயே திரும்பி காலுக்கு வந்துடும். மேல மூளைக்குப் போறதே இல்ல."

"அப்போ இழுக்கறது அவரு இல்லையா?"

செயற்கை சுவாச மெஷின் ஒருமுறை காற்றை அடித்து ஓய்ந்தது.

"இல்ல அண்ணி."

அண்ணி மெதுவாக நகர்ந்து டாக்டருக்கு வழி விட்டாள்.

மற்ற சோதனைகளை மூத்த டாக்டர் இருவர் வந்து செய்தார்கள். மெஷினைக் கழற்றி, மூச்சு தானாக எழுகிறதா என்று காத்திருந்தார்கள். அவள் அண்ணனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழவில்லை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மெஷினை அப்படியே நிறுத்தினார்கள். இதயம் இன்னும் கொஞ்சநேரம் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

நர்ஸ் குழாய்களை எடுக்க வேண்டும் என்றதும் இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணியின் கைப்பைக்குள் அண்ணனின் போன் அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது. அண்ணி எடுத்தாள்.

"ஆமா, அவரு நம்பர்தான். நான் அவரு சம்சாரம் பேசறேன்." எதிர்முனையில் யாரோ படபடவென்று பேசுவது கேட்டது. "லிப்ட் எங்க நின்னுருக்கு? உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

அவள் திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

"யாரும் இல்லையா? நல்லா பாத்துட்டீங்களா?"

அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பதில் வரக் காத்திருந்தாள்.

"சரிங்க. அப்போ அவசரமில்ல."