போட்டுப் பாக்க அம்பது பவுண்டு

அந்த ரமலான்ல ஷவ்கிக்கு வயிறு எரிஞ்சது நோன்பால இல்ல. கெய்ரோவுல ஷுப்ரா பக்கம் இருக்கிற அவரோட துணிக்கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே வேலைதான் பண்ணாங்க. நாலு அபாயா அங்கிய எடுத்துப் போட்டுப் பாப்பாங்க, கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பி போட்டோ எடுப்பாங்க, கழுத்துப் பட்டையில இருக்கிற சீட்டையும் ஒரு போட்டோ. அப்புறம் யோசிச்சுட்டு வர்றேன் ஹாஜின்னு கிளம்பிடுவாங்க. யோசிக்கிறதெல்லாம் வெளிய போய் போன்லதான். அதே துணி ஏதோ ஒரு குடோன்லருந்து கம்மி விலைக்கு அவங்க வீட்டு வாசலுக்கே வந்து நிக்கும்.

கடையில பாதிப் பங்கு மச்சானோடது. இந்தப் பெருநாளும் ஓடலன்னா துணியெல்லாம் மூட்டை கட்டிட்டு செல்போன் கடை போடப்போறேன்னு மச்சான் சொல்லிட்டாரு. ஷவ்கி மீசை மொளைச்சதுலருந்து அந்தக் கல்லாவுல உக்காந்தவரு. பெருநாள் வியாபாரம் போனா கடையே போச்சு.

அதனால ஒரு அட்டை எழுதி மாட்டினாரு. போட்டுப் பாக்க அம்பது பவுண்டு, வாங்கினா பில்லுல கழிச்சுக்கலாம்.

அதுல மொதல்ல சிக்கினது அதே கட்டடத்துல நாலாவது மாடியில இருக்கிற ஸவ்ஸன். அவ காசு குடுக்காம அபாயாவ எடுத்துட்டுத் திரைக்குப் பின்னாடி போகப் போறப்ப, ஷவ்கி கையிலருந்து வெடுக்குன்னு பிடுங்கிட்டாரு. கடை நிறைய ஆளு.

"இது என்ன கடையா, உங்க வீட்டு பீரோவா?"

"எங்க வீட்டு பீரோவுல இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு யாரும் நிக்க மாட்டாங்க, ஹாஜி."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஷவ்கி சிரிக்கல. திருட்டுக் கூட்டம், ஓசியில உடுத்திப் பாக்க வந்துட்டீங்கன்னு அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி கத்தினாரு. ஸவ்ஸன் முகம் செத்துப்போச்சு. மறுநாள்லருந்து அந்தக் கட்டடத்துலருந்து ஒரு பொம்பளகூட கடைப்படி ஏறல.

ஆனா வேற ஒண்ணு நடந்துச்சு. கெய்ரோவுல பார்சல் வந்தா பிரிச்சுப் பாத்துட்டுத்தான் காசு குடுப்பாங்க. பிடிக்கலன்னா அப்படியே திருப்பிக் குடுத்துடலாம். அதுவரைக்கும் கொண்டு வந்த ஆளு வாசல்ல காத்துக் கிடக்கணும், ரெண்டு நிமிஷத்துல அவன் மூக்கால அழ ஆரம்பிச்சுடுவான். கடைக்கு நேர் மேல குடியிருக்கிற இன்ஸாஃப், பேங்க் வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தவ, தன்னோட ஹாலைத் தொறந்து விட்டா. எல்லாரும் அவ வீட்டு அட்ரஸுக்கே ஆர்டர் போட்டாங்க. நோன்பு தொறந்ததும் கூடுவாங்க. டெலிவரி பண்ற ரம்ஸிக்கு வெளிய ஒரு நாற்காலி, டீ, ஒரு தட்டு குனாஃபா இனிப்பு. அவன் வாயே தொறக்க மாட்டான். உள்ள ஒருத்தி போட்டுக் காட்டுவா, இன்னொருத்தி இதுல நீ சோஃபா உறை மாதிரி இருக்கேம்பா. எந்தக் கடையில இந்த உண்மையச் சொல்வாங்கன்னு கேட்டா இன்ஸாஃப்.

கீழ காலிக் கடையில உக்காந்து ஷவ்கி தலைக்கு மேல அந்தக் காலடிச் சத்தத்தக் கேட்டாரு. பல்லைக் கடிச்சாரு.

ஒரு நம்பர்லருந்து நிறைய பார்சல் திரும்பி வந்தா, கம்பெனிக்காரன் அந்த அட்ரஸுக்கு அனுப்புறதையே நிறுத்திடுவான்னு யாரோ சொன்னாங்க. போதும் அவருக்கு. போன எடுத்து அந்தக் கட்டடத்துப் பொம்பளைங்க ஒவ்வொருத்தி பேர்லயும் ஆர்டர் தட்டினாரு. அட்ரஸும் கூப்பிடுற நம்பரும் இன்ஸாஃபோடது. கண்டதையும் தட்டணும்னுதான் நெனச்சாரு. ஆனா அளவு கேக்குற இடம் வந்ததும் விரல் தானாப் போய் சரியான அளவுல நின்னுச்சு. ஒருத்திக்குத் தோள் அகலம், ஒருத்திக்குக் கை நீளம் கம்மி, ஸவ்ஸனுக்குக் கறுப்பு எடுபடாது, கரும்பச்சைதான். கோபத்துல அவருக்கே அது தெரியல.

கம்பெனிலருந்து கூப்பிட்டுக் கேட்டப்ப, நம்ம பொம்பளைங்கதான் போட்டிருப்பாளுகன்னு நெனச்சு இன்ஸாஃப் எல்லாத்துக்கும் ஆமான்னுட்டா. பெருநாளுக்கு மூணு நாள் முன்னாடி ரம்ஸி மூட்டையா தூக்கிட்டு மேல போனான். ஷவ்கி கீழ சண்டைச் சத்தத்துக்காகக் காது குடுத்துட்டு இருந்தாரு. வந்தது குலவைச் சத்தம். ரம்ஸி ஒண்ணு ரெண்டு பார்சலோட இறங்கி வந்து, மத்ததெல்லாம் போயிடுச்சுன்னு சிரிச்சுக்கிட்டே போனான்.

கொஞ்ச நேரத்துல இன்ஸாஃப் இறங்கி வந்து கடை வாசல்ல நின்னா. உள்ள வரல.

"அனுப்புனது நீங்கதான, ஹாஜி?"

"எனக்கென்ன தெரியும்?"

"என் இடுப்பளவு என் தங்கச்சிக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியும். எங்கள ஒழிக்கத்தான் பண்ணீங்க, ஆனா கை கேக்கல."

ஷவ்கி துணிய மடிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு. மடிச்சதையே திரும்ப மடிச்சாரு.

அவ விடல. "பசங்களுக்கு, புருஷனுக்கு இன்னும் எதுவும் எடுக்கல. போன்ல பாத்து பாத்து கண்ணு வலிக்குது. எங்களுக்கு என்ன உடுத்தணும்னு சொல்ற ஆளுதான் வேணும். அந்த அட்டையக் கழட்டுங்க. ஸவ்ஸன்கிட்ட அன்னைக்கு சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஒரு நிமிஷம் நிமிந்தாரு. மன்னிப்பு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அன்னைக்குக் கடையில எல்லாரும் சிரிச்சது திரும்பவும் காதுல கேட்டுச்சு.

"திருடிக்கிட்ட மன்னிப்பு கேக்குற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

இன்ஸாஃப் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, வாங்க போலாம்னா. அப்பதான் ஷவ்கி எட்டிப் பாத்தாரு. படியில அத்தனை பேரும் கையில காலிப் பையோட, பிள்ளைங்களப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாங்க. ஸவ்ஸன் மொத ஆளா நின்னா. அவரோட பதிலக் கேட்டுட்டுத்தான் திரும்பினா. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வெளிய ரோட்டுல இறங்கி, எதிர்ல இருக்கிற வேற கடைங்க பக்கம் நடந்துட்டாங்க.

பெருநாள் முடிஞ்ச வாரமே மச்சான் செல்போன் வைக்கிற கண்ணாடி அலமாரிக்கு அளவெடுக்க ஆளோட வந்தாரு. ஷவ்கி அளவு நாடாவோட ஒரு முனையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.