தானே சாப்பிடுவான்

ஹோட்டலில் அறுபது அறைகளை மேற்பார்வை பார்க்கிறவளுக்குக் கோடை முகாம்காரர்கள் எம்மாத்திரம்? படுக்கை விரிப்பைப் பார்த்தே எந்தப் பெண் அவசரத்தில் விரித்தாள் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணோடு மூன்று நாளாகப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஊரைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. பகலில் எங்கேயாவது விடாவிட்டால் அவள் வேலைக்குப் போக முடியாது.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற மனுஷனுக்கு வீட்டில் மட்டும் எதுவும் கண்ணில் படாது.

"ரெண்டையும் ஒரே எடத்துல தள்ளிவிடேன். ஒரே அலைச்சலோட போயிடும்" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"மூட்டையா தள்ளறதுக்கு? அவளுக்குச் சுத்தியலும் ஆணியும் வேணும். அவனுக்குக் களிமண்ணு போதும். பெத்த புள்ளைங்களுக்கு என்ன புடிக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும்."

முதல் முகாமில் 'நாளைய தலைவர்கள்' என்று பலகை. வியர்த்து ஒழுகுகிற வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். ஆறு வயதிலேயே முடிவெடுக்கும் திறனை வளர்க்கிறார்களாம்.

"இவன் எந்தச் செருப்பு எந்தக் கால்லன்னே இன்னும் முடிவெடுக்கலைங்க" என்றவள், ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மொதல்ல இந்தத் தூசியைத் துடைக்க ஒரு தலைவரைப் பாருங்க."

அடுத்ததில் எல்லாமே கற்றுத் தருகிறார்களாம், விண்வெளி உட்பட. என்ன விண்வெளி என்று கேட்டதற்குக் கறுப்புத் துணி கட்டிய அறையைக் காட்டினார்கள். துணி கிழிந்த இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. அதுதான் நட்சத்திரம் போலிருக்கிறது. இந்தப் பிழைப்புக்கு ஒரு வரவேற்பறை, அதில் ஒரு மீன்தொட்டி, அதில் மீனும் இல்லை. அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள்தான் தச்சுப் பட்டறை கிடைத்தது. காதில் பென்சில் செருகிய ஒரு தச்சுக்காரம்மா நடத்தினாள். உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் அதனதன் ஆணியில் தொங்கின. தரையில் மரத்தூள் இருந்தது. ஆனால் அது வேலை செய்து விழுந்த தூள், சோம்பலில் படிந்தது இல்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள். எட்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள். சின்னவனுக்கு ஆறு தெரு தள்ளிக் களிமண் வகுப்பு. அந்த விண்ணப்பத்தையும் வாங்கிப் பையில் வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு எடம்தான் மிச்சம். அஞ்சு மணிக்கு இன்னொருத்தர் வராங்க. அதுக்குள்ள எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க பொண்ணுக்கு" என்றாள் தச்சுக்காரம்மா. மணி நாலரை.

பெரியவள் சுவரில் தொங்கிய ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக வீட்டில் ஒரு நாற்காலிக்கும் திருகாணி தங்கவிடாதவள். மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு இது வேணாம்மா. நானும் களிமண்ணுக்கே போறேன்."

அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு வருஷமா தச்சு தச்சுன்னு என் உயிரை எடுத்துட்டு, இப்போ களிமண்ணா? அப்படியே உங்க அப்பா. நிலையா ஒரு புத்தி கிடையாது. மண்ணைப் பிசையப் போறாளாம், மகாராணி."

அம்மா அந்தக் கோபத்தோடேயே சின்னவனின் களிமண் விண்ணப்பத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். மதியச் சாப்பாடு என்ற கட்டத்தில், 'தானே சாப்பிடுவான்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

"அது தப்பும்மா" என்றாள் பெரியவள்.

"எது தப்பு? தினம் டப்பாவைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் பார்க்கறேன். ஒரு பருக்கை மிச்சம் வச்சதில்ல."

"காலியாத்தான் வரும். நான்தானே ஊட்டறேன்."

பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் தம்பி வகுப்புக்கு ஓடிவிடுவாளாம். கூட்டத்தில் அவனுக்கு வாயே திறக்காதாம். கதை சொல்லிச் சொல்லி ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடுமாம்.

"அப்போ நீ எப்போ விளையாடுவ?"

"விளையாடறதில்ல."

"வீட்ல சாப்பிடறானே?"

"நீ ஹோட்டலுக்கு போன் பேச எழுந்து போவியே, அப்போ ஊட்டிடுவேன்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீதான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவியே, என் புள்ளை மூணு வயசுலேர்ந்து தானே சாப்பிடுவான்னு."

அம்மா தான் அடிக்கோடு போட்ட வரியைப் பார்த்தாள். யார் யாரையோ முட்டாள் என்று சொல்லிக்கொண்டு மூன்று நாள் அலைந்தவள் அவள்தான். ஹோட்டலில் அறைகள் காலியாகி, அடுத்த ஆள் வருவதற்குள் ஓடி ஓடிப் பார்க்கிற நேரம் மதியம்தான். அந்த நேரத்தில் அவள் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

"நீ இங்கதான் சேர்ற. அவனுக்கு நான் மதியம் வந்து ஊட்டறேன்" என்றாள்.

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "முறைக்கக் கூடாது. கடிகாரம் பார்க்கக் கூடாது. பையில பன் இருக்கு, இப்போ ஊட்டிக் காட்டு."

தச்சுக்காரம்மா எதுவும் கேட்காமல் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். அம்மா உட்கார்ந்து பன்னைப் பிய்த்து நீட்டினாள். சின்னவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். அவள் கண் தன்னால் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. அஞ்சுக்கு இன்னும் எட்டு நிமிஷம்.

"பார்க்கக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்றாள் பெரியவள். "துண்டும் பெரிசு."

சின்னதாகக் கிள்ளினாள். சின்னவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தலையாட்டினாள். வாய் திறந்தது. அவன் மென்று முழுங்குவதற்குள் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாவது துண்டுக்கு அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

பெரியவள் பேனாவை எடுத்துத் தச்சுப் பட்டறை விண்ணப்பத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள். பிறகு தம்பியின் விண்ணப்பத்தை இழுத்து, அம்மா எழுதியதை அடித்துவிட்டு, 'அம்மா வருவாங்க' என்று எழுதினாள்.

"ஒரு நாள் நீ வரலைன்னாலும், நான் இங்கேருந்து அங்க ஓடிடுவேன். வழி பார்த்து வச்சிருக்கேன்" என்றாள்.