ஆர்கனுக்குள் இருந்து வந்த குரல்

பேராலயத்தின் குழாய் ஆர்கனுக்குச் சுருதி சேர்க்க ஓர் ஆள் போதாது. ஒருவர் உள்ளே நுழைந்து குழாய்களுக்கு நடுவே நிற்க வேண்டும். இன்னொருவர் வெளியே கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போகிறவர் கணவர். வெளியே விரலைக் கொடுத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பவள் மனைவி. அந்த ஆர்கனை வாசிக்கும் டீச்சர் இவர்கள் இருவருக்கும் வைத்த பெயர் டாக்டர், கம்பவுண்டரம்மா. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வேலைக்கு மொத்தமே இரண்டு வார்த்தைகள்தான். உள்ளேயிருந்து "இரு" என்று குரல் வந்தால், குழாய் இன்னும் சரியில்லை, விரலை எடுக்காதே என்று அர்த்தம். "அடுத்தது" என்று வந்தால் அந்தக் குழாய் குணமாகிவிட்டது, பக்கத்துக் கட்டைக்குப் போகலாம். கல்யாணமான நாளிலிருந்து டாக்டர் தன் மனைவியிடம் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும். "நல்லா இருக்கு" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. குழாயைப் பற்றியும் வந்ததில்லை, சாப்பாட்டைப் பற்றியும் வந்ததில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு அவர் சும்மா நிமிர்ந்து பார்ப்பார். "என்ன, அடுத்ததா?" என்று இவளே கேட்டுக்கொள்வாள்.

இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளுக்கு இருந்த குறை வேறு. அத்தனை வருஷம் அந்தப் பெரிய ஆர்கனுக்கு விரல் கொடுத்தவள், ஒரு நாளும் அதை யாராவது முழுசாக வாசிக்கக் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிடுவார். உட்கார்ந்து கேட்க அவரால் முடியாது. எங்கே வாசித்தாலும் அவர் காது நேராக நோயாளிக் குழாயைத்தான் தேடிப் போகும். ஒரு கல்யாணத்தில், ஒரு சின்ன ஆர்கன் முழங்க மணப்பெண் உள்ளே நடந்து வந்தபோது, மனுஷர் மேலே பார்த்து முகத்தை அப்படிச் சுளித்தார். பெண்வீட்டார் அதற்குப் பிறகு இவர்களோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

இந்த முறை அப்படி விட முடியாது என்று அவள் தீர்மானித்திருந்தாள். பெரிய ஆர்கனை மொத்தமாகப் பிரித்து, குழாய்களைக் குழந்தைகளைப்போலக் குளிப்பாட்டித் துடைத்து, கிழிந்த தோல்களையெல்லாம் மாற்றி, மறுபடியும் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். அதைத் திறந்து வைக்க ஒரு மாலைக் கச்சேரி. டீச்சர் அவளைக் கூப்பிட்டு, மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலிகள் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என் பக்கத்துல உக்காந்து கேக்கறீங்க. தப்பு கண்டுபிடிக்காம, பாட்டைக் கேக்கறீங்க."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா நாளையிலேருந்து வேற கம்பவுண்டரைப் பாத்துக்குங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது டாக்டருக்குப் புரிந்தது. "சரி, வரேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

கச்சேரி நாளன்று மதியம் கடைசியாக ஒரு தரம் சரிபார்த்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் ஏற்கெனவே நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்து, அது கசங்காமல் கட்டைகளுக்கு முன்னாலிருந்த பலகையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "அடுத்தது, அடுத்தது" என்று உள்ளேயிருந்து தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கட்டையிலிருந்து அவள் விரலை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை.

"கையை எடு" என்றார் உள்ளேயிருந்து.

"எடுத்தாச்சுங்க."

"எடுன்னு சொன்னா எடுக்கணும்."

"ஐயோ, ரெண்டு கையும் மடியில இருக்கு. வேணும்னா வந்து பாருங்க!"

ஒவ்வொரு குழாயின் காலடியிலும் காற்றைத் திறந்து மூட ஒரு சின்ன மரக்கதவு உண்டு. கட்டையை விட்டால் அது மூடிக்கொள்ள வேண்டும். ஈரக் காற்றில் மரம் ஊறிப்போனால் கதவு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும், குழாய் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். டாக்டர் கதவின் ஓரத்தை லேசாகத் தேய்த்துவிட்டார். சத்தம் நின்றது. ஆனால் அவர் வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

"சாயங்காலம் அத்தனை பேரும் நனைஞ்ச குடையோட வருவாங்க. மறுபடி ஊறும், மறுபடி மாட்டும்" என்றார்.

"மாட்டினா?"

"யாராவது உள்ளே இருந்து குழாயைத் தூக்கிடணும், அப்பதான் சத்தம் நிக்கும்."

அந்த யாராவது யார் என்று அவள் கேட்கவில்லை. அவர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "இதை என் நாற்காலியில போட்டு வை. முடிஞ்சா நடுவில வரேன்."

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சுழல்படியில் இறங்கிப் போனாள். நாளைக்கு யார் விரல் கொடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் சொல்லிக்கொண்டாள்.

ஆர்கன் வாசலுக்கு மேலே மாடத்தில் இருந்ததால், அன்று நாற்காலிகளையெல்லாம் அதைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கூட்டம் சேர்ந்தது. குடைகளிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியம்மா ஒருத்தி, இருமல் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "இங்க யாராவது வராங்களாம்மா?" என்று கைக்குட்டையைக் காட்டிக் கேட்டாள்.

"வரேன்னுதான் சொல்லியிருக்காரு" என்றாள் இவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

டீச்சர் வந்து குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். கையை வைத்தார். அவ்வளவுதான், கம்பவுண்டரம்மா கோபத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்த ஆர்கன் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே பேசும். பிடித்தால் பேசும், விட்டால் நிறுத்தும். இப்போது அத்தனை குழாய்களும் ஒன்றாக எழுந்து நின்று பேசின. தடித்த குழாய் பேசியபோது சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலியின் காலில் வந்தது, அங்கிருந்து முதுகில் ஏறியது. சளி பிடித்த கிழவர்போல ஒரு வாரம் முழுக்க இருமிக்கொண்டிருந்த குழாய், அதுவா இது? கீழே நின்று மற்ற எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டிருந்தது. "இரு, இரு" என்று அவள் விரல் மரத்துப்போக வைத்த அந்தப் பொல்லாத பொடிக்குழாய்கள் மேலே கூரையருகே குதித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து இப்படி ஒரு குடும்பம் என்பதுதான் தெரியாமல் போயிருந்தது. அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

இதைச் சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் திரும்பினாள். கைக்குட்டை உட்கார்ந்திருந்தது.

டீச்சர் மெதுவான ஒரு பாட்டை எடுத்தார். அது படிப்படியாகக் குறைந்து, கடைசியில் மெல்லிய ஒரே ஒரு குழாயில் வந்து நின்றது. டீச்சர் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா மிட்டாயைச் சப்புவதை நிறுத்தினாள். இருமுகிறவர்கள் இருமவில்லை. அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்த ஒரு சுரம் மட்டும், அசையாமல், சுத்தமாக நின்றது.

"அடுத்தது!"

கணீரென்று, ஆர்கனுக்குள் இருந்து குரல்.

முன்வரிசையில் ஒருவர் குடையைக் கீழே போட்டார். பெரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, யாரு பேசினது?" என்றாள். கம்பவுண்டரம்மா நாற்காலிக்கு அடியில் இடம் இருந்தால் புகுந்துகொண்டிருப்பாள்.

மாடத்தில் டீச்சரின் முதுகு அசையாமல் இருந்தது. அப்புறம் தோள் இரண்டும் குலுங்கின. அடுத்த கணம், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையைப்போல விரலை நகர்த்தி, பக்கத்துக் கட்டையை அழுத்தினார்.

மண்டபமே சிரித்தது. கைதட்டலும் சிரிப்புமாகக் கூரை அதிர்ந்தது. ஆர்கனுக்குள் மட்டும் மூச்சுப் பேச்சில்லை.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. மாட்டப்போகும் கதவுக்குக் காவலாக உட்கார்ந்த மனுஷர், இந்தச் சுரத்துக்கு ஏன் வாயைத் திறந்தார்? இது கோளாறுக் குழாய் இல்லையே. அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தன்னை மறந்து கேட்டிருக்கிறார். அந்தச் சுரம் குறையே இல்லாமல் நின்றதும், தன்னிடமிருந்த ஒரே பாராட்டை ஊரறிய எடுத்து விட்டுவிட்டார். அவள் எழுந்து, "கொஞ்சம் வழி விடுங்க" என்று பெரியம்மாவின் முழங்காலைத் தாண்டிச் சுழல்படிக்கு ஓடினாள்.

ஆர்கனுக்குள் ஆள் நுழையும் சின்னக் கதவைத் திறந்தபோது டாக்டர் இரண்டு குழாய்களுக்கு இடையில், வேலை ஏப்ரனோடு, தலையில் ஒட்டடையோடு, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மானம் கப்பலேறிப் போச்சு" என்றார்.

"போனது போச்சு. எழுந்து வாங்க, மிச்சத்தையாவது உக்காந்து கேக்கலாம்."

"அந்தக் கதவு மாட்டினா..."

"மாட்டினா மாட்டட்டும்!"

பலகையில் இருந்த டீச்சர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் இன்னும் சிரித்ததில் வந்த தண்ணீர். "டாக்டர், அதை என்கிட்ட விடுங்க, நான் சமாளிச்சுக்கறேன். கம்பவுண்டரம்மா, நீங்க இவரை முதல்ல டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிட்டுப் போங்க."

கையைப் பிடித்து அவரைப் படியிறக்கிக் கூட்டி வந்தாள். அசடு வழிய அவர் மூன்றாவது வரிசைக்கு நடந்தபோது மறுபடியும் கைதட்டினார்கள். பெரியம்மா கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்து, "தலையில ஒட்டடை இருக்கு தம்பி" என்றாள். கூடவே ஒரு மிட்டாயும் கொடுத்தாள்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. டாக்டர் முதலில் நாற்காலியின் நுனியில், யாராவது கூப்பிட்டால் ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தார். பாட்டு மேலே ஏறிக்கொண்டு போனபோது, நடுவில் ஒரு சுரம் வந்தது. வந்தது போகவில்லை. டீச்சரின் இரண்டு கைகளும் வேறெங்கோ இருந்தன, அது மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். டாக்டர் பாதி எழுந்துவிட்டார். அவள் ஏப்ரனின் நாடாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"மாட்டிடுச்சு, மாட்டிடுச்சு" என்று முணுமுணுத்தார்.

"தெரியுது. என் விரல்லதான் முதல்ல மாட்டினது. பேசாம கேளுங்க."

டீச்சர் அசரவில்லை. நிற்காத அந்தச் சுரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டார். பாட்டை மெல்ல அதன் பக்கம் திருப்பினார். அதைச் சுற்றி வந்தார், அதற்குக் கீழே தடித்த குழாய்களைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார், மேலே பொடிக்குழாய்களை ஓட விட்டார். பழுதாய் நின்ற சுரம் பாட்டுக்கு நடுத்தூணாகிவிட்டது. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார். முகத்தைச் சுளிக்கவே இல்லை. வாயைத் திறந்தபடி, மிட்டாய் உள்ளே இருப்பதையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அத்தனை குழாய்களும் ஒன்றாக முழங்கின. முழங்கி நிற்கிற அதே நொடியில் டீச்சர் அந்தக் குழாய் இருந்த வரிசை முழுவதற்கும் காற்றை நிறுத்தும் குமிழை உள்ளே தள்ளினார். எல்லாம் சேர்ந்தே அடங்கின. சத்தம் மட்டும் கூரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியது.

கைதட்டி முடித்து, குடைகளைத் தேடி எடுத்துக்கொண்டு எல்லோரும் போனார்கள். பெரியம்மாவும் போனாள். இவர்கள் இருவர்தான் மிச்சம்.

"நாளைக்கு அந்தக் கதவைப் பாக்கணும்" என்றார் டாக்டர். கொஞ்சம் தயங்கி, "விரல் வேணும்" என்றார்.

"அது என் கையிலதான் இருக்கு, எங்கயும் போகல. எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மாடத்தில் டீச்சர் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, கிளம்பலாமா?" என்று அவள் எழுந்தாள்.

"இரு" என்றார்.

அழுத்திப் பிடிக்கக் கட்டை ஒன்றும் இல்லாததால், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.