அண்ணன் எழுதிய பாறை

“எழுத்து எப்படி இருந்துச்சு?”

தீவிலிருந்து வந்த கணவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். சாப்பாடெல்லாம் அப்புறம்.

தீவென்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு ஆடு மேய்ந்தால் ஐந்தாவது கடலில் விழும். தாத்தா காலத்தில் இரண்டு கரைக்காரர்களும் அங்கே வலை உலர்த்தினார்கள். பிறகு கடலையே பார்க்காத யார் யாரோ மேசையில் கோடு போட்டார்கள். இரண்டு நாட்டு வரைபடத்திலும் தீவு ஏறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் படகு போனால் அங்குள்ள பாறையில் எங்கள் நாட்டின் பெயர். அவர்கள் படகு வந்தால் அதை அழித்துவிட்டு அவர்கள் பெயர். எங்கள் பக்கத்துப் பெயின்டர் என் கணவர், அந்தப் பக்கத்துப் பெயின்டர் என் அண்ணன். இருவருக்கும் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. நான் கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த பிறகு போக்குவரத்து நின்றது, கடிதமும் நின்றது. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குச் சொல்வது அந்தப் பாறை ஒன்றுதான்.

“மச்சான் எழுத்துதான். கை நடுங்குது போல,” என்றார். பிறகு தயங்கினார். “இன்னிக்கு அளவுதான் எடுத்தேன். வெள்ளையடிச்சு, மேல இரும்புத் தகடு மாட்டச் சொல்லிட்டாங்க. இனிமே எழுதுற வேலையே இல்லையாம்.”

எழுத்து நின்றால் அண்ணனைப் பற்றிய சேதியும் நிற்கும். ஆனால் உட்கார்ந்து அழ எனக்குப் பொறுமையில்லை.

“நானும் வர்றேன்.”

“வெளையாடுறியா? அதிகாரி விடமாட்டாரு.”

“அதையும் பாத்துடலாம்.”

தகடு தயாரான அன்று படகில் ஏறப்போனபோது அதிகாரி மறித்தார். “பொம்பளைக்கு அங்க என்ன வேலை?”

“பெயின்ட் கலக்குறது சார். பாறைக்கு ஆம்பள பொம்பள தெரியாது.”

சிரித்துவிட்டார். நான் ஏறிவிட்டேன்.

தீவுப் பாறையில் என் உயரத்துக்கு எழுத்துகள். கடைசி எழுத்து கோணிக்கொண்டு இறங்கியிருந்தது. அண்ணனுக்கு வயதாகிவிட்டது. நான் பார்த்து முடிக்கும்வரை கணவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. பிறகு வெள்ளையடித்தார். அது காய்ந்ததும், அதிகாரி படகு நிழலில் ஒதுங்கிய நேரம், கறுப்புப் பெயின்டில் கையைத் தோய்த்துப் பாறையில் அழுத்தினேன். ஐந்து விரலும் பதிந்தன, சுண்டுவிரல் மட்டும் கோணலாக. சின்ன வயதில் அண்ணன் கதவைச் சாத்தி நசுக்கிய விரல் அது.

கணவர் அதன்மேல் தகட்டை வைத்து நட்டுகளை முடுக்கினார்.

“ரொம்ப இறுக்காதீங்க,” என்றேன்.

“ஏன்?”

“அவங்க வந்து கழட்டாம விடுவாங்களா? அண்ணனுக்குக் கை நடுங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவர் படகுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்பேனரை மறுபக்கம் திருப்பினார்.