ஏழு கெல்வினில் ஒரு பள்ளம்

எனக்குக் கோபம் சட்டுனு வரும், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு மாசிலாமணி சாரோட நான் சண்டை போட்டது நியாயம்தான். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

2004 டிசம்பர். டில்லியே பல்லு தந்தியடிச்சிண்டிருந்தது. எங்க லேப் குளிருக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமே இல்லை. கார்பன் நானோகுழாய்னு ஒண்ணு, கண்ணுக்கே தெரியாத மெல்லிசுக் குழாய்கள், பார்க்க வெறும் கறுப்புத் தூள். அதைச் செப்பு டப்பாவுக்குள்ள வச்சு, லிக்விட் ஹீலியத்தால குளிரப் பண்ணி, மைக்ரோவேவை அனுப்பி, எவ்வளவு திரும்பி வரதுன்னு அளக்கறதுதான் என் பிஎச்.டி. ஏழு கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 266 டிகிரி செல்சியஸ்கிட்ட, வந்ததும் கிராஃப்ல திடீர்னு ஒரு பள்ளம் விழுந்தது. குழாய்ல மின்தடையே இல்லாம போயிடுத்து, பெரிய கண்டுபிடிப்புன்னு என் கைடு மாசிலாமணி சார் சந்தோஷத்துல குதிச்சார். ஜப்பான் மாநாட்டுலேர்ந்து அழைப்பும் வந்துடுத்து. சரோஜினி நகர்ல எங்கம்மா காய்கறிக்காரன்கிட்டகூட, "பையா, மேரி பேட்டி ஜப்பான் ஜா ரஹி ஹை"னு, பொண்ணு ஜப்பான் போறான்னு, ஹிந்தியில சொல்லியாச்சு.

எனக்குத்தான் சோறு இறங்கலை. ஏழுங்கறது உறுத்தித்து. ஈயமும் அதே ஏழு கெல்வின்கிட்டதான் மின்தடையை இழக்கும். டப்பாவுக்குள்ள அறுந்துபோன தெர்மாமீட்டர் ஒயரை சார்தான் தன் கையால சால்டர் வச்சு ஒட்டியிருந்தார். சால்டர்னா ஈயமும் தகரமும்தானே?

"சார், தூளை எடுத்துட்டு டப்பாவை மட்டும் குளிர வச்சுப் பார்க்கணும். அப்பவும் பள்ளம் விழுந்தா குழாய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

"ஏம்மா ரோஹிணி, இருக்கறதே ஒரு கேன் ஹீலியம். ஹீலியம் தயாரிக்கற பிளான்ட் ரிப்பேர். மாநாட்டுக்கு நல்ல கிராஃப் எடுக்கறத விட்டுட்டு காலி டப்பாவைக் குளிப்பாட்டப் போறியா?"

"டப்பாவுல உங்க சால்டர் இருக்கு சார்."

முகம் சிவந்துடுத்து அவருக்கு. "கடுகளவு சால்டர்மா அது! இருபது வருஷமா இந்தக் கையால வச்சிட்டிருக்கேன்."

"கையை யார் சார் குத்தம் சொன்னா? காலி டப்பாவை அளந்தியான்னு ஜப்பான்ல எவனாவது எழுந்து கேட்டா நான் முழிக்கணுமா? என் மானமும் போகும், உங்க மானமும் போகும்!"

கத்திட்டேன். பக்கத்து மேஜையில இருந்த, என்னோட பிஎச்.டி. பண்ற சாய்ராம் தலையைக் குனிஞ்சுண்டான். சார் விடுவிடுன்னு தன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திண்டார்.

நானும் விடலை. தூளைச் சுத்தமாத் துடைச்சு எடுத்தேன். டப்பாவைத் திரும்பப் பூட்டினேன். அவர் ரூம் வாசல்ல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். டீக்கு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்னார்.

"விட மாட்டியா நீ?"

"மாட்டேன் சார்."

"பள்ளம் வரலைன்னா?"

"உங்க கால்ல விழறேன்."

"வந்தா?"

வந்தா ஜப்பான் போச்சு. என் தீஸிஸும் போச்சு. அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

"சரி, ஊத்து"ன்னார்.

கிராஃப்ல கோடு நேரா வந்துண்டிருந்தது. பத்து கெல்வின், ஒன்பது, எட்டு. பிடிவாதமாக் கேட்டு வாங்கினவ நான்தான், ஆனா பிள்ளையாரப்பா, வரவே கூடாதுன்னு வேண்டிண்டேன். ஏழுல விழுந்தது. அதே பள்ளம், அதே ஆழம். உள்ளே ஒரு பொட்டுத் தூள் கிடையாது.

"அரே யார்"னு, அடக் கடவுளேங்கற மாதிரி, ஹிந்தியில முனகினான் சாய்ராம். எனக்குக் கண்ணுல பொலபொலன்னு கொட்டித்து. சார் என் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து, பள்ளம் சால்டரால வந்தது, பேச்சை வாபஸ் வாங்கறோம்னு மாநாட்டுக்கு மெயில் அடிச்சார். கீழே அவர் பேர் மட்டும் போட்டார்.

"என் பேர் எங்க சார்?"

"சால்டர் வச்சவன் நான். அவமானம் எனக்கு மட்டும் போதும்மா."

எனக்கு மறுபடியும் சுர்ருன்னு ஏறித்து. கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

"கண்டுபிடிச்சவ நான் சார்"னு சொல்லி, அவர் பேருக்கு மேலே என் பேரை அடிச்சு அனுப்பினேன்.