ஹெட்லி பிடிக்காத சின்ன மீன்கள்

ஹெட்லி சின்ன மீனே பிடிப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் எங்கள் துறைமுகம் முழுக்க இது தெரியும், சொன்னது ஹெட்லிதான். நான் பக்கத்து வீட்டுக்காரி. அவர் மனைவி வின்னி கொல்லையில் வெட்டிப் போடும் காட் மீன் தலைகளைத் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கோடையில் டாரா என்ற மீன்வள ஆய்வாளர் வந்தாள். காட் மீன் எந்த நீளத்தில் சினைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். பாதி மீன்கள் சினை பிடித்திருக்கும் நீளம் எதுவோ, அதற்குக் கீழே இனிப் பிடிக்கக் கூடாது என்று அரசு சட்டம் போடுமாம். படகுத்துறையில் மேசை போட்டு, வந்த மீனையெல்லாம் அளந்து வயிற்றைக் கீறினாள். எல்லா அளவிலும் கொண்டு வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

யார் கேட்டார்கள்? ஆளாளுக்கு இருப்பதில் பெரியதாகப் பொறுக்கிக் கொண்டுபோய் வைத்தார்கள். ஹெட்லியுடையதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்துத் தேவாலய மண்டபத்தில் கூட்டம். அறுபது சென்டிமீட்டருக்குக் கீழே ஒரு மீன்கூடத் தன் மேசைக்கு வரவில்லை, அதனால் அறுபது என்றே எழுதி அனுப்பப் போவதாக டாரா சொன்னாள். அறுபது என்றால் ஹெட்லி படகைக் கட்டிப்போட வேண்டியதுதான்.

வின்னி அவர் விலாவில் இடித்தாள். "சொல்லித் தொலைங்க. பெருமைய வறுத்தா திங்க முடியும்?"

ஹெட்லி எழுந்தார். "பாப்பா, நாப்பத்தஞ்சுலயே சினை இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும், அங்கிள் ஹெட்லி? நீங்கதான் சின்னது பிடிக்கறதே இல்லையாமே."

கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.

"பிடிக்கறேன். பூராவும் அதான். பெரிசு வருஷத்துக்கு நாலு வரும், அதத்தான் உன் மேசைல வெச்சேன்."

பின்வரிசையில் இன்னொரு படகுக்காரர் கஸ் சிரித்தார்.

"சிரிக்காதடா கஸ். நீ வெச்சதுல ஒண்ணு நான் குடுத்தது."

மறுநாள் காலை மேசை நிறையச் சின்ன மீன்கள். டாரா நாலு நாள் கீறிப் பார்த்து, நாற்பத்தேழு என்று திருத்தி அனுப்பினாள்.

தன்னுடைய குட்டிச் சினை மீனால்தான் ஊரே பிழைத்தது என்று ஹெட்லி இப்போது சொல்லித் திரிகிறார். சொல்லச் சொல்ல அந்த மீன் விரற்கடை விரற்கடையாகக் குறைகிறது. நேற்று அஞ்சலகத்தில் முப்பத்திரண்டில் நின்றது.